தஞ்சோங் பகார்: தென்காசி, கடையநல்லூர் மக்கள் சிங்கப்பூரில் வாழ்ந்த உழைப்பாளர் பேட்டை

சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவர்கள் தவறாமல் எட்டிப் பார்க்கும் இடங்களில் ஒன்று மேக்ஸ்வெல் உணவங்காடி. கோழிச்சோற்றுக்குப் பெயர் பெற்ற அந்த அங்காடியின் முன் எந்நேரமும் வரிசை நிற்கும். அதன் அஞ்சல் முகவரியை நம்மவர்களில் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். எண் 1, கடையநல்லூர் ஸ்திரீட் என்பதே அந்த முகவரி.

மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், தென்காசிக்கு வடக்கே இருக்கும் நமது கடையநல்லூர்தான் அது. உலகின் மிக விலையுயர்ந்த நகரங்களில் ஒன்றின் நடுவே, வானளாவிய கட்டடங்களுக்கு இடையில், ஒரு நெசவாளர் ஊரின் பெயர் தெருப்பலகையில் நிற்கிறது. அந்தத் தெருவைச் சுற்றியுள்ள தஞ்சோங் பகார் பகுதியில்தான் ஒரு காலத்தில் தென்காசி, கடையநல்லூர் முஸ்லிம் குடும்பங்கள் ஏழ்மையோடும் உழைப்போடும் வாழ்ந்தன.

அந்தப் பேட்டை எப்படி உருவானது, அங்கே யார் யார் வாழ்ந்தார்கள், நம் மக்கள் அங்கு எதைக் கட்டினார்கள், பிறகு அது எப்படிக் கலைந்தது என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். இன்றும் நம் பகுதியிலிருந்து சஃபர் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் போனவர்களின் வரலாறு இது.

ஊரில் இருந்த நிலை

கடையநல்லூரும் தென்காசியும் கடற்கரை ஊர்கள் அல்ல. நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரை போன்ற துறைமுக ஊர்களின் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகளாகக் கப்பல் வணிகத்தில் இருந்தவர்கள். நம் பகுதியின் முஸ்லிம்களோ பெரும்பாலும் தறியை நம்பி வாழ்ந்தவர்கள். ஆண்கள் தறிக்குழியில் அமர்ந்து நெய்ய, பெண்கள் நூல் இழைத்து, தார் சுற்றி, பாவுக்கு உதவ, வீடு முழுவதுமே ஒரு தொழிற்கூடமாக இருந்தது.

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி இந்தியச் சந்தையை நிறைத்தபோது கைத்தறி நெசவாளரின் வருமானம் சரிந்தது. 1876-78 தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தையே உலுக்கியது. பஞ்சக் காலத்தில் முதலில் விற்காமல் போகும் சரக்கு துணிதான். சோற்றுக்கே வழியில்லாதவர் புதுச்சேலை வாங்குவாரா? வேளாண்மை பொய்த்தால் உழவரோடு சேர்ந்து நெசவாளரும் பட்டினி கிடந்தார். நூல் விலை, முதலாளியிடம் வாங்கிய முன்பணம், வட்டி ஆகிய மூன்றும் சேர்ந்து தறிக்காரரை எழவிடாமல் அழுத்தின.

அக்காலத்தில் இப்பகுதிக்கு இரயிலும் வந்தது. திருநெல்வேலியிலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் செல்லும் பாதை 1904இல் முழுமையடைந்தது. 1927இல் விருதுநகரிலிருந்து தென்காசிக்கு இன்னொரு பாதை வந்தது. கடையநல்லூரும் அந்தப் பாதையில்தான் இருக்கிறது. மலையடிவாரத்தில் ஏறியவர் இரயிலிலேயே நாகப்பட்டினம் வரை போய்க் கப்பல் பிடிக்க முடிந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து சிங்கப்பூர் வரை

அன்றைய பயணத்தைப் பற்றிப் பேசும் முதியவர்கள் சொல்லும் பெயர் 'ரஜுலா'. 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் எனத் தமிழர்களை ஏற்றி இறக்கியது. வசதியில்லாதவர்களுக்கு மேல்தளம்தான் இடம். பாய், தலையணை, ஒரு தகரப்பெட்டி, கட்டுச்சோறு, ஊறுகாய் என்று கிளம்பியவர்கள் வெயிலிலும் மழையிலும் அந்தத் தளத்திலேயே ஒரு வாரத்தை ஒட்டிக் கழித்தார்கள். தொற்றுநோய் அச்சம் இருந்தால் கரையில் இறங்குவதற்கு முன் சிங்கப்பூருக்கு அருகிலுள்ள செயிண்ட் ஜான் தீவில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார்கள்.

அப்போது தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களில் பெரும்பாலோர் தனி ஆண்கள். சில ஆண்டுகள் உழைத்து, பணம் அனுப்பி, ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர் இந்தியர்களில் ஏறத்தாழ 5 ஆண்களுக்கு 1 பெண் என்ற அளவில்தான் இருந்தது. கடையநல்லூர், தென்காசி மக்கள் இதில் வேறுபட்டார்கள். அவர்களில் பலர் மனைவி மக்களோடு குடும்பமாகப் போனார்கள். பின்னால் நடந்த பலவற்றுக்கும் இந்த ஒன்றே காரணம் என்பதால் வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

தஞ்சோங் பகார் உருவான விதம்

'தஞ்சோங் பகார்' என்பது மலாய்ப் பெயர். தஞ்சோங் என்றால் கடல்முனை, பகார் என்றால் வேலி. மீன் பிடிக்கக் கடலில் நட்ட மூங்கில் கழிகளின் வரிசையால் இப்பெயர் வந்ததாகச் சொல்வார்கள். 1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் கால் வைத்தபோது இது மீனவர் பகுதி. பிறகு ஜாதிக்காய்த் தோட்டங்கள் வந்தன.

நிலைமையை மாற்றியது துறைமுகம். 1864இல் தஞ்சோங் பகார் கப்பல்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் ஐரோப்பாவுக்கும் கிழக்கிற்கும் இடையே நீராவிக் கப்பல்கள் பெருகின. கப்பலுக்கு நிலக்கரி ஏற்ற வேண்டும், சரக்கு இறக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும். மலாயாவின் ஈயமும் பிறகு ரப்பரும் இத்துறை வழியாகவே வெளியேறின. 1905இல் அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டது. 1913இல் சிங்கப்பூர்த் துறைமுக வாரியம் அமைந்தது. 1932இல் துறைமுகத்தின் அருகிலேயே பெரிய இரயில் நிலையம் திறக்கப்பட்டது.

கூலி வேலை கிடைக்கும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில்தான் ஏழை வீடு தேடுவார். பேருந்துக்குக் கொடுக்கக் காசு இருக்காது. கப்பல் எந்த நேரத்தில் வந்தாலும் ஆள் தேவைப்படும். இப்படித்தான் துறைமுகத்தின் பின்புறம் நெருக்கடியான ஓர் உழைப்பாளர் பேட்டை உருவானது.

யார் யார் வாழ்ந்தார்கள்

தஞ்சோங் பகார் ஓர் இனத்தாரின் இடமாக எப்போதும் இருந்ததில்லை. எண்ணிக்கையில் அதிகம் சீனர்கள். ரிக்‌ஷா இழுப்பவர்கள் டக்ஸ்டன், கிரேக் சாலைப் பகுதிகளில் நெருக்கமாக வாழ்ந்தார்கள். 1903இல் கட்டப்பட்ட ரிக்‌ஷா நிலையக் கட்டடம் இன்றும் நீல் சாலை முனையில் நிற்கிறது. துறைமுகத்திலும் இரயில்வேயிலும் வேலை செய்த மலாய்க் குடும்பங்கள் அருகில் இருந்தன. இந்துத் தமிழர்களும் மலையாளிகளும் துறைமுகக் கூலிகளாக இருந்தார்கள்.

தமிழ் முஸ்லிம்களிலும் பல வகையினர் உண்டு. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த 'சூலியா' வணிகர்கள் ஆங்கிலேயர் வந்த தொடக்க ஆண்டுகளிலேயே தெலுக் ஆயர், சவுத் பிரிட்ஜ் சாலைப் பகுதிகளில் கடை வைத்து நிலைபெற்றவர்கள். பணமாற்று, கப்பல் சரக்கு, துணி வணிகம் அவர்கள் கையில் இருந்தது. உள்நாட்டு நெசவாளர் ஊர்களிலிருந்து பிற்காலத்தில் வந்த நம்மவர்களிடம் முதலும் இல்லை, கடல் வணிகப் பழக்கமும் இல்லை. ஒரே மொழி, ஒரே மார்க்கம், ஒரே பள்ளிவாசல். ஆனால் ஒருவர் கடை முதலாளி, மற்றவர் மூட்டை சுமப்பவர். இந்த வேற்றுமையை மறைத்து எழுதினால் வரலாறு முழுமையாகாது.

வீடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டப்பட்ட இரண்டு, மூன்று மாடிக் கட்டடங்களைப் பலகைத் தடுப்புகளால் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு தடுப்புக்குள் ஒரு குடும்பம். பல தடுப்புகளுக்குச் சன்னல் கிடையாது. ஒரே அடுப்படி, ஒரே கழிப்பிடம், ஒரே குழாயைப் பல குடும்பங்கள் பகிர்ந்துகொண்டன. 1947இல் வந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைகளை வாடகை உயர்விலிருந்து காத்தது. அதே சமயம், வருமானம் உயராத கட்டடத்தைச் செப்பனிட உரிமையாளர்கள் முன்வரவில்லை. கட்டடங்கள் பழுதடைந்தன, நெரிசலோ கூடிக்கொண்டே போனது.

ஆண்களின் கூலியும் பெண்களின் அம்மியும்

ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், கிடங்குகளில் காவல் இருந்தார்கள், சிலர் ஒட்டுக்கடை போட்டார்கள், சிலர் தலையில் கூடை சுமந்து விற்றார்கள். துறைமுக வேலை நிலையானதல்ல. கப்பல் வந்தால் கூலி, வராவிட்டால் இல்லை.

அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் பெண்கள். கடையநல்லூர், தென்காசிப் பெண்கள் அம்மியில் மசாலா அரைத்து விற்றார்கள். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் ஆகியவற்றை ஈரமாக அரைத்து உருட்டி வைத்தால், சீனர், மலாய்க்காரர், இந்தியர் எல்லோருடைய சமையலுக்கும் அது வேண்டும். அந்தந்தக் குழம்புக்கு ஏற்ற அளவில் கலந்து கொடுப்பது ஒரு தனித் தேர்ச்சி. விடியும் முன் எழுந்து அரைத்தால்தான் காலைச் சந்தைக்குக் கொடுக்க முடியும். மிளகாய் எரிச்சல் கையை விட்டுப் போகாது.

நம் சமுதாயத்தில் பெண்கள் சம்பாதித்ததைப் பேசச் சிலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சப்பட இதில் எதுவும் இல்லை. நெசவாளர் வீடுகளில் பெண்களின் உழைப்பு எப்போதும் இருந்தது. ஊரில் இராட்டையைச் சுற்றிய கை, சிங்கப்பூரில் அம்மிக்குழவியைப் பிடித்தது. அந்தச் சில்லறைக் காசுதான் பல வீடுகளில் அடுப்பெரிய வைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. குடும்பமாகப் போனதன் முதல் பயன் இதுதான்.

தொழுகையும் கூட்டமும்

அருகிலிருந்த பள்ளிவாசல்கள் நம் மக்களுக்குத் தொழுமிடமாகவும் செய்தி பரிமாறும் இடமாகவும் இருந்தன. தெலுக் ஆயரிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசல் 1827இல் ஒரு குடிசையாகத் தொடங்கியது. அதனால்தான் தமிழர்கள் அதைக் 'குச்சுப்பள்ளி' என்று அழைத்தார்கள். 1850களில் அது கல் கட்டடமானது. சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் 1826இல் அன்சார் சாஹிப் தலைமையில் தொடங்கப்பட்டது. 1828-30இல் தெலுக் ஆயரில் நாகூர் தர்கா கட்டப்பட்டது. அப்போது அதன் எதிரே கடல் இருந்தது. பிறகு நிலமீட்பால் கடல் விலகிவிட்டது. இம்மூன்றும் 1974இல் சிங்கப்பூரின் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும் நேரத்தில்தான் யார் ஊரிலிருந்து வந்தார், யார் வீட்டில் மவுத், எந்தக் கப்பலில் யார் போகிறார், யார் கையில் பணம் கொடுத்தனுப்பலாம் என்பதெல்லாம் பேசி முடிக்கப்பட்டது. பெரிய வணிகர்களைப் போல வங்கிக் கணக்கு இல்லாதவர்களுக்கு ஊர்க்காரரின் சொல்தான் காசோலை.

போர்க்காலம்

1941ஆம் ஆண்டு சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கப்பட்டது. தென்காசிக்காரர்களும் தமக்கெனத் தனியே ஒரு முஸ்லிம் நல்வாழ்வுச் சங்கத்தை அமைத்துக்கொண்டார்கள். வேலையின்றி இருப்பவருக்கு உதவி, ஜனாஸா காரியம், ஊருக்குத் திரும்ப வழியில்லாதவருக்குக் கப்பல் கட்டணம் போன்றவையே அன்று இத்தகைய ஊர்ச் சங்கங்களின் வேலையாக இருந்தன.

அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் சிங்கப்பூர் மீது குண்டு போட்டன. துறைமுகம் முக்கியக் குறி என்பதால் அதன் பக்கத்தில் வாழ்ந்தவர்களுக்கு ஆபத்து அதிகம். 1942 பிப்ரவரி 15இல் ஆங்கிலேயப் படை சரணடைந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. ஊரோடு இருந்த கடிதத் தொடர்பும் பணத் தொடர்பும் அறுந்தன. தென்காசிப் பக்கம் மனைவி இருந்தவர்கள் அவள் நிலை அறியாமலும், ஊரில் இருந்தவர்கள் சிங்கப்பூரில் இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலும் நாள்களைக் கடத்தினார்கள். அதே காலத்தில் இந்தியாவில் நூல் தட்டுப்பாட்டால் தறிகளும் நின்றன. இரு பக்கமும் ஒரே நேரத்தில் பசி.

கூலிக்காரர்கள் கட்டிய பள்ளிக்கூடம்

போர் 1945 செப்டம்பரில் முடிந்தது. அரிசி இன்னும் பங்கீட்டில்தான் கிடைத்தது. அந்த நிலையில், 1946இல், கடையநல்லூர் முஸ்லிம் லீக் தஞ்சோங் பகாரில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. அதற்கு வைத்த பெயர் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி.

பெயரைக் கவனியுங்கள். நபிகள் நாயகத்தின் வாழ்வைத் தமிழில் காப்பியமாக்கிச் சீறாப்புராணம் தந்தவர் உமறுப்புலவர். அவர் வாழ்ந்த பின்னணியும் எட்டயபுரத்தைச் சார்ந்தது. அதாவது, நம் மண்ணுக்குப் பக்கத்து மண். தாங்கள் முஸ்லிம்கள், தாங்கள் தமிழர்கள் என்ற இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிட்டார்கள்.

சிங்கப்பூரின் மொத்த மக்கள்தொகை 1947இல் ஏறத்தாழ 9.4 லட்சம். அதில் இந்தியர்கள் ஏறத்தாழ 69 ஆயிரம். அதற்குள் தமிழ் முஸ்லிம்கள் ஒரு சிறு பகுதி. அதற்குள் நம் ஊர்க்காரர்கள் இன்னும் சிறு பகுதி. பெரும் வணிகர்கள் நிறைந்த ஒரு சமூகம் பள்ளிக்கூடம் கட்டினால் அதில் வியப்பில்லை. மூட்டை சுமந்தவரும் மசாலா அரைத்தவரும் கட்டினார்கள் என்பதே இங்கு பெரிய செய்தி. தனி ஆள்களாகப் போயிருந்தால் அவர்களுக்குப் பள்ளிக்கூடம் தேவைப்பட்டிருக்காது. பிள்ளைகளோடு போனதால்தான் தேவைப்பட்டது.

பள்ளியில் முஸ்லிம் பிள்ளைகள் மட்டும் படிக்கவில்லை. தமிழ் பேசும் எல்லோருக்கும் அது திறந்திருந்தது. 1960இல் உயர்நிலை வகுப்புகளும் தொடங்கப்பட்டன. சிங்கப்பூரில் தமிழை ஊடகமாகக் கொண்ட ஒரே உயர்நிலைப்பள்ளியாக அது விளங்கியது. மற்ற தொடக்கப்பள்ளிகளில் தமிழில் படித்த மாணவர்களுக்கு மேலே படிக்க இருந்த வழி இது ஒன்றுதான்.

நீல அட்டையும் பிரிந்த குடும்பங்களும்

1950களில் காலம் மாறத் தொடங்கியது. முன்பெல்லாம் நினைத்தபோது கப்பல் ஏறிப் போய் வந்தார்கள். 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டமும் அதன் பின் வந்த திருத்தங்களும் புதிதாக வருபவர்களைக் கட்டுப்படுத்தின. குடும்பத்தை அழைத்துக்கொள்வதும் கடினமானது. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தபோது ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கேள்வி எழுந்தது. பதிந்து இங்கேயே இருந்துவிடுவதா, இந்தியராகவே இருந்து ஊர் திரும்புவதா?

ஒரே வீட்டில் அண்ணன் பதிந்தார், தம்பி பதியவில்லை. ஊரில் வயதான உம்மாவும் நிலமும் இருந்தவர்கள் தயங்கினார்கள். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு அடையாள அட்டை, நிரந்தரவாசிகளுக்கு நீல அட்டை. குடியுரிமை இல்லாதவர் வேலைக்கு அனுமதி பெற வேண்டியதாயிற்று. 1971க்குள் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியதால் படைத்தளங்களை நம்பியிருந்த பலருக்கு வேலை போனது. சேமநிதியை வாங்கிக்கொண்டு கப்பல் ஏறியவர்கள் அப்போது நிறையப் பேர். தென்காசி, கடையநல்லூர், குற்றாலம் பக்கம் 'சிங்கப்பூர்க்காரர் வீடு' என்று இன்றும் அழைக்கப்படும் வீடுகளில் இப்படித் திரும்பியவர்களின் வாரிசுகள் இருக்கிறார்கள். அதே குடும்பத்தின் மற்றொரு கிளை சிங்கப்பூர்க் குடிமக்களாக அங்கே இருக்கிறது.

பேட்டை கலைந்த விதம்

மூன்று மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து தஞ்சோங் பகாரின் உழைப்பாளர் வாழ்வை முடித்து வைத்தன.

முதலாவது, வீடமைப்பு. 1960இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. 1966இல் நில எடுப்புச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களிலிருந்து மக்கள் புதிய அடுக்குமாடி நகரங்களுக்கு மாற்றப்பட்டார்கள். தஞ்சோங் பகார் 1955 முதல் 2015இல் மறையும் வரை லீ குவான் யூவின் தொகுதி. டக்ஸ்டன் பகுதியில் 1960களின் தொடக்கத்திலேயே அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. ஓட்டைப் பலகைத் தடுப்பிலிருந்து, தனிக் குழாயும் தனிக் கழிப்பிடமும் உள்ள வீட்டுக்குப் போனது ஏழைக்குப் பெரிய விடுதலை. அதை மறுக்க முடியாது. ஆனால், குடும்பங்கள் தீவு முழுவதும் சிதறின.

இரண்டாவது, துறைமுகம். 1972இல் தஞ்சோங் பகாரில் முதல் சரக்குப்பெட்டகக் கப்பல் வந்தது. நூறு பேர் தோளில் சுமந்ததை ஒரு பாரந்தூக்கி எடுத்து வைத்தது. துறைமுகத்துக்கு அருகில் குடியிருக்க வேண்டிய காரணமே இல்லாமல் போனது.

மூன்றாவது, கல்வி. வேலைச் சந்தை ஆங்கிலம் கேட்டது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளில் சேர்த்தார்கள். தமிழ்ப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. கடைசிவரை நின்ற உமறுப்புலவர் பள்ளியும் 1982இல் மூடப்பட்டது.

1989இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையையும் குறிப்பிட வேண்டும். ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவியாமல் இருக்க, ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒவ்வோர் அடுக்குமாடிக்கும் அரசு விகிதம் வகுத்தது. இந்தியர்கள் மற்றும் பிறருக்கு அப்போது வட்டாரத்தில் 10 விழுக்காடு, ஒரு கட்டடத்தில் 13 விழுக்காடு. இனக்கலவரம் கண்ட ஒரு நாடு எடுத்த முடிவு அது. அதன் பிறகு, விரும்பினாலும் நம்மவர்கள் ஒரே இடத்தில் கூடி இன்னொரு பேட்டையை உருவாக்க வழியில்லை.

இன்று அங்கே இருப்பவை

உமறுப்புலவர் பெயர் அழியவில்லை. 1983இல் அப்பெயரிலேயே தமிழ்மொழி நிலையம் தொடங்கப்பட்டது. தங்கள் பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாத மாணவர்கள் அங்கே சென்று படிக்கிறார்கள். எல்லா மதத்தைச் சேர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் அதில் அடக்கம். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கும் தென்காசிக்காரர்களின் சங்கமும் இன்றும் செயல்படுகின்றன. தமிழில் ஜும்ஆ குத்பா ஓதப்படும் பள்ளிவாசல்களும் உள்ளன. நாகூர் தர்கா கட்டடம் 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது.

தஞ்சோங் பகாரின் தோற்றம் முற்றிலும் மாறிவிட்டது. பழைய கடைவீடுகள் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாகி, உணவகங்களும் அலுவலகங்களுமாக இருக்கின்றன. டக்ஸ்டனில் 50 மாடி வீட்டுக் கட்டடங்கள் எழுந்துள்ளன. 290 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று இரயில் பயணிகள் நடந்த தெருக்களுக்கு மேலே நிற்கிறது. இரயில் நிலையம் 2011இல் மூடப்பட்டது.

அங்கு வளரும் தலைமுறைக்கு வேறு கேள்விகள் உள்ளன. முஸ்லிம்களின் கல்விக்காக 1982இல் மெண்டாக்கி அமைப்பும், இந்தியர்களின் கல்விக்காக 1991இல் சிண்டா அமைப்பும் தொடங்கப்பட்டன. தமிழ் முஸ்லிம் பிள்ளை இரண்டிலும் உண்டு, இரண்டிலும் சிறுபான்மை. பள்ளியில் தாய்மொழியாகத் தமிழா மலாயா என்று முடிவெடுக்க வேண்டிய வீடுகளும் உண்டு. 1946இல் பள்ளிக்கு உமறுப்புலவர் பெயரைச் சூட்டியவர்கள் சொன்ன விடையைப் பேரப்பிள்ளைகள் மீண்டும் ஒருமுறை தேட வேண்டியிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாற்று நிலையம் இயங்குகிறது. முதியவர்களின் நினைவுகள் அங்கே ஒலிப்பதிவாகச் சேர்க்கப்படுகின்றன. ஆனால் இக்கதையின் பாதி ஊரில் இருக்கிறது. திரும்பி வந்தவர்களின் தகரப்பெட்டியில், பரணில் கட்டி வைத்த கடிதங்களில், மங்கிய கப்பல் சீட்டில், நீல அட்டையில், குழுப்படத்தில் இருக்கிறது. ரஜுலாவில் பயணம் செய்தவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைத் தாண்டியவர்கள்.

எனவே வாசகர்களிடம் நாம் கேட்டுக்கொள்வது இதுதான். உங்கள் வீட்டில் சஃபர் போய் வந்த வாப்பாவோ, அங்கே பிறந்து இங்கே மணமுடித்து வந்த உம்மாவோ, பாட்டியோ இருந்தால் அடுத்த விடுமுறைக்குள் அவர்களோடு ஒரு மாலை உட்காருங்கள். எந்த ஆண்டு போனார்கள், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள், பக்கத்துத் தடுப்பில் யார் இருந்தார்கள், என்ன வேலை, எவ்வளவு கூலி, யார் திரும்பினார்கள், யார் அங்கேயே இருந்தார்கள் என்று கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பழைய காகிதங்களைக் கரையான் தின்னும் முன் படம் எடுத்து, பின்பக்கத்தில் இருப்பவர்களின் பெயரை எழுதி வையுங்கள். குறிப்பாகப் பெண்களிடம் கேளுங்கள். சங்கத்தின் பதிவேட்டில் ஆண்களின் பெயர்கள் இருக்கும். விடியும் முன் அரைத்தவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இருக்காது. அது வீட்டாரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது.

அடுத்த முறை சிங்கப்பூர் போகும் நம் பிள்ளைகள் மேக்ஸ்வெல் அங்காடியில் சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, அந்தத் தெருப்பலகையை ஒருமுறை நின்று பார்க்கட்டும். அந்தப் பெயர் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.